விதைப்பு நாளில் விட்ட சிகரட்

வன்னியில் முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரை நம்பிச் சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. கடந்த காலபோகத்தில் விதைநெல்லை எறிந்து முடித்து வரம்பில் ஏறியவர், சட்டைப் பையிலிருந்த சிகரட் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே நான்கு மிச்சம் இருந்தன. "இதை நீ வச்சிரு தம்பி. நான் எப்பிடியும் கேப்பன். கேட்டாலும் குடுக்காதை" என்றார். முப்பது வருடமாகச் சிகரட் பத்துகிறவர். வயது ஐம்பத்திரண்டு. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அடுத்த மூன்று மாதத்தில் அவருக்குச் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் கேட்ட கேள்விகள்தான் எனக்கும் வழிகாட்டின.

முதலில் அந்தச் செடி. புகையிலை நிக்கொட்டினைத் தன் வேரில் உண்டாக்கி இலைக்கு அனுப்புகிறது. இலையைத் தின்ன வரும் பூச்சியைக் கொல்வதற்கான ஏற்பாடு அது. புகையிலையை ஊறவைத்த தண்ணீரைப் பயிருக்குத் தெளித்த பழைய ஆட்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். இன்று பூச்சிக்கு அடிக்கும் இமிடாக்ளோபிரிட் என்ற மருந்தும் நிக்கொட்டினைப் போலவே வேலை செய்வதுதான். இரண்டும் பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத் தாக்குகின்றன. நரம்புகள் ஒன்றோடொன்று பேச அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தைப் பயன்படுத்துகின்றன. அதை ஏற்றுக்கொள்ளும் வாங்கிகளில் நிக்கொட்டினும் வந்து பொருந்திவிடும். 1905இல் கேம்பிரிட்ஜில் ஜோன் லாங்லி என்ற உடற்றொழிலியலாளர், உயிர்க்கலங்களில் இப்படி ஓர் 'ஏற்கும் பொருள்' இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்ததே நிக்கொட்டினை வைத்துச் செய்த பரிசோதனைகளில்தான். இன்றைய மருந்தியலின் பெரும்பகுதி அந்த எண்ணத்தின் மேல் நிற்கிறது.

அதே வாங்கிகள் எங்கள் மூளையிலும் இருக்கின்றன. புகையை நெஞ்சுக்குள் இழுத்தால் 10 முதல் 20 செக்கனுக்குள் நிக்கொட்டின் அங்கே போய்ச் சேர்கிறது. ஓரிரு இழுவையிலேயே அவ்வகை வாங்கிகளில் பாதியளவு நிரம்பிவிடுகிறது. உடனே டோபமைன் சுரக்கிறது. 'இது வேண்டியது, இதை மறவாதே' என்று மூளை குறித்து வைத்துக்கொள்ள உதவும் இரசாயனம் அது. பசித்தவன் சோற்றைக் கண்டால் சுரப்பதும் அதுதான். செய்கைக்கும் பலனுக்கும் இடைவெளி குறையக் குறையப் பழக்கம் இறுகும். கை வாய்க்குப் போனதும் பத்துச் செக்கனில் பலன், ஒரு சிகரட்டுக்குப் பத்து இழுவை, ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரட், முப்பது வருடம். சித்தப்பாவின் மூளைக்கு இந்தப் பாடம் எத்தனை தரம் ஓதப்பட்டிருக்கிறது என்று பெருக்கிப் பார்த்தேன். பதினாறு இலட்சத்தைத் தாண்டியது. மனவுறுதி இல்லாதவன் என்று அவரை இனி யாரும் ஏசக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன்.

நிக்கொட்டின் வந்த வேகத்தில் போகவும் செய்யும். இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. இரவு படுத்து எழும்பும்போது மிகச் சொற்பமே மிஞ்சியிருக்கும். கண் விழித்து ஐந்து நிமிடத்துக்குள் ஒன்றைப் பத்த வேண்டியிருக்கிறதென்றால் பிடி பலமாக இருக்கிறது என்று மருத்துவர்கள் கணிப்பது இதை வைத்துத்தான்.

விட்டவுடன் ஏன் உடம்பு படுத்துகிறது? குளம் நிரம்பி, துருசு எந்நேரமும் திறந்திருந்தால் நாங்கள் என்ன செய்வோம்? வாய்க்கால் ஓரத்து மேட்டுக்காணியையும் வெட்டிச் சமப்படுத்தி வயலாக்கிவிடுவோம். மூளையும் அதைத்தான் செய்கிறது. ஓயாமல் வரும் நிக்கொட்டினால் வாங்கிகள் மரத்துப்போக, அது இன்னும் இன்னும் வாங்கிகளைத் திறந்து வைக்கிறது. ஒருநாள் துருசைப் பூட்டினால் பழைய வயலோடு இந்தப் புதிய வயலும் சேர்ந்து வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புத்தான் எரிச்சல், பதற்றம், ஒன்றிலும் மனம் நிற்காமை, நித்திரைக் குழப்பம், அடங்காப் பசி, மனச்சோர்வு. விட்ட சில மணித்தியாலங்களில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சிக்குப் போய், இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். கூடுதலாக முளைத்த வாங்கிகளும் ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் புகைக்காதவர்களின் அளவுக்குத் திரும்பிவிடுவதாக மூளையைப் படமெடுத்த ஆய்வுகள் காட்டுகின்றன. அன்று எறிந்த மூன்றரை மாத நெல்லை வெட்டுவதற்குள் அந்த மேட்டுக்காணி திரும்பவும் பற்றையாகிவிடும் என்று சித்தப்பாவுக்குச் சொன்னேன்.

நான்காம் நாள் பின்னேரம் அவரே வீட்டுக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. "கை நடுங்குது, நெஞ்சு படபடக்குது. பிரஷர் கூடிட்டுதோ தெரியேல்லை. இது எனக்குச் சரிவராது போல கிடக்கு." அன்று எத்தனை தேத்தண்ணி குடித்தீர்கள் என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ணினார். எட்டு. எல்லாம் நல்ல சாயம் விட்ட வெறுந்தேத்தண்ணி. சிகரட் நினைவு வரும்போதெல்லாம் அதற்குப் பதிலாக ஒன்று.

இதை விளங்கிக்கொள்ளாமல் திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேரோ. தேயிலையிலுள்ள கஃபீனை ஈரலிலுள்ள ஒரு நொதியம் உடைக்கிறது. சிகரட் புகையிலுள்ள கரிப் பொருட்கள் அந்த நொதியத்தைத் தூண்டி வேகப்படுத்துகின்றன. ஆகவே பத்துகிறவருக்கு எட்டுத் தேத்தண்ணி பத்தாதவருக்கு நான்கு போல. சிகரட்டை விட்டதும் நொதியம் சில நாட்களுக்குள் சாதாரண வேகத்துக்கு வந்துவிடுகிறது. பழைய எட்டும் அப்படியே உள்ளே போனால் இரத்தத்தில் கஃபீன் இரட்டிப்பாகும். அதனால் வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் நித்திரையின்மையையும் சிகரட் இல்லாததன் கோலம் என்று நினைத்து அடுத்த கடையில் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். தேத்தண்ணியைப் பாதியாக்கச் சொன்னேன். மூன்று நாளில் நடுக்கம் நின்றது. பிரஷரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொன்னேன்; நெஞ்சு படபடப்பை ஊகத்தில் விட்டுவிடக் கூடாது.

இதே நொதியம் வேறு மருந்துகளையும் உடைக்கிறது. முட்டுக்குத் தியோபிலின் எடுப்பவர்களுக்கும், மனநோய்க்கு ஒலன்சபின், குளோசபின் எடுப்பவர்களுக்கும் சிகரட்டை விட்டபின் அதே அளவு மருந்து கூடிப்போகலாம். இன்சுலின் தேவையும் மாறலாம். மருந்தைத் தாங்களாகக் குறைக்காமல், சிகரட்டை விடப் போகிறேன் என்று கிளினிக்கில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பலர் சிகரட்டை விட்டுவிட்டு வெற்றிலைக்குப் போகிறார்கள். புகையிலை வைத்த வெற்றிலை இன்னொரு வாசலால் அதே நிக்கொட்டினைத்தான் தருகிறது. காரத்தன்மை, அதாவது புளிப்புக்கு எதிரான தன்மை, கூடினால் நிக்கொட்டின் வாயின் மெல்லிய தோலுக்குள்ளால் இலகுவாகப் புகும். சுண்ணாம்பு செய்யும் வேலைகளில் அதுவும் ஒன்று. சுருட்டின் புகைக்கும் சற்றுக் காரத்தன்மை உண்டு. அதனால்தான் நெஞ்சுக்குள் இழுக்காத சுருட்டும் ஆளைப் பிடிக்கிறது. பாக்கு ஒன்றே போதும், புகையிலை இல்லாமலே வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவர. இந்த மாற்று மாற்றே அல்ல.

ஆனால் வெற்றிலை பழகியவருக்கு நிக்கொட்டின் சுவிங்கம் பாவிக்கச் சொல்லிக்கொடுப்பது சுலபம். அதைச் சாதாரண சுவிங்கம் போல விடாமல் சப்பினால் நிக்கொட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய், பெரும்பகுதி ஈரலில் அழிந்து, விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். மெல்ல மெல்லச் சப்பி, நாக்கில் உறைப்புத் தட்டியதும் கொடுப்புக்குள் அடக்கி வைக்க வேண்டும். உறைப்புப் போனதும் இன்னும் கொஞ்சம் சப்பி மற்றக் கொடுப்புக்குள். அரை மணித்தியாலம் அப்படி. தேத்தண்ணியோ சோடாவோ குடித்துக் கால் மணித்தியாலமாவது போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயிலுள்ள புளிப்பு நிக்கொட்டினை உள்ளே விடாது. தோலில் ஒட்டும் பட்டியும் உண்டு. இவை சிகரட்டைப் போல பத்துச் செக்கனில் தராமல் மெதுவாகத் தருவதால் பழக்கத்தை இறுக்குவது குறைவு; தாரும் காபனோரொட்சைட்டும் இல்லை. தனியே விட முயல்கிறவரோடு ஒப்பிட்டால் வெற்றி பெறும் வாய்ப்பை இவை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன. எது, எவ்வளவு என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

வன்னியில் ஒருவரிடம் ஏன் பத்துகிறீர்கள் என்று கேட்டால் யோசனைக்கு என்பார், நித்திரை வராததற்கு என்பார். 2009இன் போரைக் கடந்து வந்தவரிடம் அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வராது. ஆனாலும் இதைச் சொல்ல வேண்டும். நிக்கொட்டின் விழிப்பைத் தரும் பொருள். இரவு இரண்டு மணிக்குப் பத்தும் சிகரட் நித்திரையை இன்னும் தள்ளிப் போடுகிறது. பத்தியதும் வரும் ஆறுதலில் பெரும்பங்கு, முந்திய சிகரட் இறங்கியதால் வந்த பதற்றம் அடங்குவதுதான். விட்ட சில கிழமைகளுக்குப் பின் பதற்றமும் சோர்வும் பத்திய காலத்தைவிடக் குறைவாக இருப்பதையே ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. முதல் கிழமைகள் மட்டும் கடினம். பழைய துயரம் கிளம்பி ஆளை அமுக்கினால் ஆசுபத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போவதில் ஒரு குறைவும் இல்லை.

மலச்சிக்கல் வரும், நிக்கொட்டின் குடலையும் தூண்டி வந்தது. தண்ணீரும் கீரையும் போதும். முதல் வருடத்தில் நாலைந்து கிலோ எடை கூடலாம். சித்தப்பாவுக்கு அது நல்லதாகவே போனது.

இந்த வயதில் விட்டு என்ன பயன் என்று அவர் கேட்காமல் இல்லை. பிரித்தானிய வைத்தியர்களை 1951இலிருந்து 50 வருடம் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டோலும் அவருடைய சகாக்களும் 2004இல் அதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு, விடாமல் பத்தியவர்களைவிட ஏறத்தாழ 10 வருட ஆயுள் கூடுதல். 40இல் 9, 50இல் 6, 60இல்கூட 3.

தை மாதம் கதிர் முற்றியபோது பன்றிக் காவலுக்கு அவரோடு நானும் போனேன். விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. கணக்குப்படி வாங்கிகளெல்லாம் பழைய அளவுக்கு வந்திருக்க வேண்டும். காவல் கொட்டிலுக்கு முன்னால் வீரைக் கட்டை எரிந்து தணலாகியிருந்தது. தீயைக் கிளறக் குனிந்தவர் ஒரு கொள்ளியை எடுத்தார். எடுத்த கை தானாக முகத்துக்கு நேரே போய் அப்படியே நின்றது. "தம்பி, அந்தப் பெட்டி எங்கை?"

நெல் வெட்டினாலும் வேர் மண்ணில் கிடக்கும். உடம்பு நிக்கொட்டினை மறந்துவிட்டது. மூளை இந்தக் கொட்டிலை, இந்தக் குளிரை, இந்தக் கொள்ளியை மறக்கவில்லை. பல வருடமாக இங்கே இந்தச் சூட்டோடு சிகரட் வந்தது, ஆகவே சூட்டைக் கண்டதும் மூளை அதை எதிர்பார்க்கிறது. வீட்டில் இருந்த மூன்று மாதத்தில் இந்த இடத்துக்குரிய பாடம் ஒருதரமும் அழிபடவில்லை, ஏனென்றால் அவர் இங்கே இரவில் வரவேயில்லை. ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகச் சிகரட் இல்லாமல் இருந்து காட்டினால்தான் அந்தந்த இடத்தின் இழுவை தேயும். இப்படித் திடீரென்று எழும் விடாய் பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். பத்தினாலும் இறங்கும், பத்தாவிட்டாலும் இறங்கும். அந்த நேரம் எழும்பி விறுவிறென்று நடந்தால் இன்னும் கெதியாகத் தணியும்.

பெட்டி வீட்டில் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொள்ளியைத் தீயில் போட்டுவிட்டு டோர்ச்சை எடுத்துக்கொண்டு வரம்பில் இறங்கினார். வெளிச்சம் வயலைச் சுற்றி ஆடி ஆடிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்கு மூலையில் சிறிது நேரம் நின்றது, பிறகு திரும்பியது.

"அங்காலை பன்றி வரம்பை உடைச்சுப் போட்டுது" என்றபடி வந்து உட்கார்ந்தார். "விடிய மண்வெட்டியோடை வா."