பழைய டர்போ ஹேட்ச்பேக் வாங்கப் போகிறீர்களா? ஏற்காட்டிலிருந்து இறக்கிப் பாருங்கள்

சேலம் பக்கம் பழைய டர்போ ஹேட்ச்பேக் வாங்கப் போகிறவர்கள் அநேகமாக ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். அடிவாரத்தில் காரைக் கையில் வாங்கி ஏற்காட்டு மலையில் நாலைந்து வளைவு ஏற்றிப் பார்ப்பார்கள். ஆக்சிலேட்டரை மிதித்ததும் முதுகு சீட்டோடு ஒட்டும். இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற டர்போவின் வேலை அது. அங்கேயே விலை பேசி முடித்துவிட்டு அப்புறம் என் பட்டறைக்கு வருவார்கள். "செகண்டு கியர்லயே கொண்டை ஊசி வளைவெல்லாம் இழுக்குதுங்கண்ணா!"

"சரி தம்பி, இறக்கிப் பார்த்தீங்களா?"

"இறங்கித்தானேங்கண்ணா வந்தோம்?"

இறங்கி வந்தது வேறு, இறக்கிப் பார்த்தது வேறு. கோரிமேட்டுப் பக்கம் பட்டறை வைத்திருப்பதால் இந்த வித்தியாசம் ஞாயிறு சாயங்காலம் ஆனால் வாசலுக்கே வந்துவிடும். பிரேக் தீய்ந்த வாடையோடு, பெடல் பாதி தூரம் உள்ளே போகிற நிலையில், உள்ளே குழந்தைகளோடு குடும்பமே உட்கார்ந்திருக்கும். ஓட்டி வந்தவருக்கு மலை இறங்குவது சிரமமாக இருந்தது என்று மட்டும் தெரியும். ஏன் என்று தெரியாது.

எனக்கும் இந்தக் கார்கள் மேல் பித்து உண்டு. பட்டறைக்கு, காய்கறி வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட என்று தினமும் ஓட்டியதெல்லாம், டர்போ இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேகமான ஹேட்ச்பேக்தான், எல்லாமே செகண்ட் ஹேண்ட். முதலில் ஃபியட் பாலியோ 1.6. 2001இல் பாலியோ இந்தியாவுக்கு வந்தபோது அந்த 1.6 லிட்டர் இன்ஜினின் திறன் சுமார் 100 குதிரைத் திறன். அன்றைக்கு வீட்டுக்கு வீடு நின்ற மாருதி 800க்கு அதில் பாதிகூட இல்லை. அப்புறம் 2005இல் வந்த முதல் தலைமுறை ஸ்விஃப்ட், 1.3 பெட்ரோல். டர்போ இல்லை, திறன் 87தான், ஆனாலும் ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்கும். அதன் பிறகு ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ, 105 திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது தானாக மாறும் இரட்டை கிளட்ச் கியர். இப்போது இருப்பது மாருதி பலேனோ ஆர்எஸ். 2017இல் வந்து 2020இல் நின்றுபோன மாடல். ஒரு லிட்டர் டர்போ, 102 திறன், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், எடை ஒரு டன்னுக்கும் கீழே.

பாலியோவின் பின் சீட்டை மடக்கிவிட்டால் கழற்றிய கியர்பாக்ஸ் ஒன்று தாராளமாக ஏறும். மாம்பழ சீசனில் பெட்டி பெட்டியாக ஏற்றிச் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கொண்டு போயிருக்கிறேன். 1976இல் ஜெர்மனியில் 110 குதிரைத் திறனோடு விற்பனைக்கு வந்த கோல்ஃப் ஜிடிஐயிலிருந்து இந்த வகைக் காரின் ஈர்ப்பே இதுதான். திங்கள் முதல் வெள்ளி வரை குடும்பக் கார், சனிக்கிழமை காலையில் வேறு கார். என் அம்மா மட்டும் எந்தக் காலத்திலும் ஒத்துக்கொள்ளவில்லை. கெட்டியான சஸ்பென்ஷனில் அவருக்கு முதுகு வலிக்கும்.

இந்தக் கார்களைப் பார்த்தால் ஒன்று கவனத்துக்கு வரும். பாலியோவுக்கு 1.6 லிட்டர் வேண்டியிருந்த வேலையைப் பலேனோ ஆர்எஸ் ஒரு லிட்டரில் செய்துவிடுகிறது. 2006 பட்ஜெட்டிலிருந்து நீளம் நாலு மீட்டருக்குள்ளும் பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள்ளும் அடங்கினால் வரி குறைவு. எனவே வேகம் வேண்டும் என்றால் சின்ன இன்ஜின் மேல் டர்போ ஏற்று என்கிற கணக்குக்குக் கம்பெனிகள் வந்துவிட்டன. 1.4 லிட்டர் டர்போவோடு 2015இல் வந்த அபார்த் புன்ட்டோ மாதிரி இந்த வரம்பைத் தாண்டியவை மிகக் குறைவு.

இந்தக் கணக்கு மலை ஏறும்போது நன்றாக வேலை செய்யும். இறங்கும்போது செய்யாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டர்போவால் உதவி ஒன்றும் கிடையாது, இன்ஜினின் சொந்த அளவுதான் காரைப் பிடித்து நிறுத்தும். பாலியோவை இரண்டாம் கியரில் விட்டால் வளைவுக்கு வளைவு தன்னைத்தானே அடக்கிக்கொண்டு இறங்கும். ஒரு லிட்டர் இன்ஜினுக்கு அந்தப் பிடி குறைவு. ஏறும்போது பெரிய கார், இறங்கும்போது சின்ன கார். மிச்சத்தைப் பிரேக்தான் சுமக்க வேண்டும்.

எவ்வளவு சுமை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், சேலம் 300க்கும் கீழே. 1100 கிலோ எடையுள்ள கார் 1200 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றலை முழுக்க வெப்பமாக்கினால், 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு போகலாம். இன்ஜினும் காற்றும் டயரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மீதி முழுக்க டிஸ்க்குக்குப் போகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் அந்த வெப்பம், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரைத் தாண்டிப் பிரேக் ஆயிலுக்குள் இறங்கும்.

பிரேக் ஆயிலைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். நாலு விழுக்காட்டுக்கும் குறைவான ஈரம் சேர்ந்தாலே அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும், குமிழி நசுங்கிவிடும். பெடல் மெத்தை மாதிரி உள்ளே போவது அதனால்தான். ஆறிய பிறகு எல்லாம் சரியானது போலத் தெரியும், ஓட்டியவரும் மறந்துவிடுவார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய பொருள் இது. ஆனால் விற்பனைக்கு வரும் கார்களில் காப்பித் தூள் நிறத்தில் இருக்கிற ஆயிலைச் சர்வசாதாரணமாகப் பார்க்கிறேன்.

அதனால் காரைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் நான் செய்கிற முறை இது. விற்கிறவரிடம் அன்று காலையில் ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்வேன். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் போடுகிற சத்தத்தை யாரோ எனக்கு முன்னால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள். பிறகு சேலம் நகருக்குள் இருக்கிற ஐந்து ரோடு சந்திப்பில் மேம்பாலத்தில் ஏறாமல் கீழே நெரிசலுக்குள் ஓட்டுவேன். 2020இல் மேம்பாலம் திறந்த பிறகும் கீழே கடைவீதி நெரிசல் இருக்கத்தான் செய்கிறது. ஏசி போட்டபடி அரை மணி நேரம் ஊர்ந்தால் கூலிங் ஃபேன், கிளட்ச், கியர் மூன்றும் தங்கள் குணத்தைக் காட்டிவிடும்.

அப்புறம் மலை. வார நாளில், வெயில் ஏறுவதற்குள். மேலே போனதும் இன்ஜினை உடனே அணைக்க மாட்டேன். ஏற்றத்தில் உழைத்த டர்போ கடும் சூட்டில் இருக்கும். எண்ணெய் ஓட்டம் நின்றால் பேரிங்கில் தங்கிய எண்ணெய் கரியாகிவிடும். சில கார்களில் அணைத்த பிறகும் கூலன்ட்டைச் சுற்றவிட மின்பம்ப் உண்டு. இருந்தாலும் ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிடுவது நல்ல பழக்கம். இறங்கும் முன் பிரேக் பெடல் எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறது என்பதைக் காலில் ஞாபகம் வைத்துக்கொள்வேன். சாதாரண வேகம், இரண்டாம் கியர். ஆட்டோமேட்டிக் என்றால் டி (டிரைவ்) நிலையில் விடாமல் மேனுவலுக்கு மாற்றி இரண்டாம் கியரில் பிடிப்பேன். பாதியில் ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க் சீராக இல்லை. ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பரைச் சந்தேகிக்கலாம். கீழே வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாமல் சமதளத்தில் நிறுத்தி, வெப்பநிலை பார்க்கும் சின்ன துப்பாக்கியை நாலு டிஸ்க்கிலும் காட்டுவேன். முன் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் எகிறி நின்றால் அந்தப் பக்கம் காலிப்பர் பிஸ்டன் சிக்கியிருக்கிறது. சில நூறு ரூபாய்க் கருவி இது, வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். முன் டயர் புதிது, பின் டயர் ஏழு வருடப் பழசு என்றிருக்கும் கார் மழை நாளில் வளைவில் பின்பக்கம் சறுக்கும்.

டிஎஸ்ஜி போன்ற இரட்டை கிளட்ச் கியர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் சின்ன கார்களில் வருவது பெரும்பாலும் உலர் கிளட்ச். எண்ணெயில் மூழ்கியிருக்காததால் சூடு வெளியேற நேரம் பிடிக்கும். ஓட்டுகிறவருக்கு ஆட்டோமேட்டிக் மாதிரி தெரியும். ஆனால் உள்ளே ஒரு கம்ப்யூட்டர் மேனுவல் கிளட்சைத்தான் மிதித்து விட்டுக்கொண்டிருக்கிறது. மலையில் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும்போது பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரிலேயே காரைத் தாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த ஒவ்வொரு விநாடியும் கிளட்ச் உரசித் தேய்கிறது. நில்லுங்கள், பிரேக் போடுங்கள், முன்னால் ஒரு கார் அளவு இடம் கிடைத்த பிறகு நகருங்கள். பார்க்கப் போகிற காரில் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவே நடுக்கம் இருந்தால், கிளட்ச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

விற்பவர்களின் வித்தைகளில் ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்தபடி சொல்கிறேன். பெங்களூரிலிருந்து வந்த ஒரு கார், பளபளவென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைந்தது, சரியாகத்தான் தோன்றியது. ஆனால் ஏபிஎஸ் விளக்கு அணைகிற அதே நொடியில் அதுவும் அணைந்தது. டாஷ்போர்டைக் கழற்றினால் ஏர்பேக் விளக்கின் ஒயரை ஏபிஎஸ் விளக்கோடு சேர்த்துப் பின்னியிருந்தார்கள். ஸ்டீயரிங் மூடிக்குள் பை இல்லை. வாங்க வந்த தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை, நேராக வெளியே போய் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்.

காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் எரர் கோடு, அதாவது கோளாறு எண், ஏதும் இல்லை என்று காட்டினால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அந்த எண்களை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் பல கார்களில் அதே ஸ்கேனர் காட்டும். வெறும் 12 கிலோமீட்டர் என்று வந்தால் நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் துடைத்திருக்கிறார்கள். 2015, 2023 டிசம்பர்களில் சென்னை வெள்ளத்தில் நனைந்த கார்கள் எந்த ஊருக்கும் வந்திருக்கலாம். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் துவைப்பதில்லை, சேற்றுக் கோடு அங்கேதான் மிஞ்சும்.

ரீமேப் செய்த கார், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றிய கார் என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். ரசிகர்கள் கோபப்படுவார்கள், பரவாயில்லை. சாஃப்ட்வேரில் திறன் கூடுகிறது. கிளட்சும் பிரேக்கும் அப்படியேதான் இருக்கின்றன. விற்கும் முன் பழைய மேப்பைத் திரும்ப ஏற்றிவிடுவதால் ஸ்கேனரில் பிடிப்பதும் கஷ்டம். புகைக் குழாய் போல்ட்டுகளில் புதிய ஸ்பேனர் தடம், கம்பெனி சொன்னதைவிடக் குளிர்ந்த வகை ஸ்பார்க் பிளக் என்று சுற்று வழியில்தான் தெரியவரும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாத மாற்றம் இருந்தால் கிளெய்மிலும் தகராறு வரலாம்.

கர்நாடகப் பதிவு வண்டி என்றால் தடையின்மைச் சான்று, இங்கே ஆயுள் வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்துத்தான் உண்மையான விலை. பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான் அவகாசம்.

எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு: தினமும் ஐந்து ரோட்டைக் கடந்து வேலைக்குப் போகிறவர், கையில் இருப்பது ஒரே கார் என்றால், மேனுவல் கியர், நாலு டிஸ்க், குறைந்த எடை. பலேனோ ஆர்எஸ் அந்தக் கணக்கில் பொருந்தும். நெடுஞ்சாலையில் அதிகம் ஓடுகிறவர் 2020 முதல் வந்த ஒரு லிட்டர் டிஎஸ்ஐ போலோ மேனுவலைப் பார்க்கலாம். 2022இலேயே அந்த மாடல் நின்றுவிட்டதால் நல்ல வண்டிக்கு விலை இறங்க மாட்டேன் என்கிறது. அபார்த் புன்ட்டோ ஆசை இருந்தால் வீட்டில் இன்னொரு கார் இருக்கட்டும். எதை வாங்கினாலும் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். அதில் முதல் செலவு புதுப் பிரேக் ஆயில், இரண்டாவது டயர். மியூசிக் சிஸ்டம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.