மூன்று வருஷம் உளவியல் படித்தால் சிகிச்சை கொடுக்கலாமா?

போன மாதம் ஒரு அம்மா தன் மகளை என்னிடம் ஆலோசனைக்கு அழைத்துக்கொண்டு வந்தார். பெண் கல்லூரி இரண்டாம் ஆண்டு. மனநிலை அளவுமீறி ஏறுவதும் இறங்குவதுமான பைபோலார் பாதிப்புக்கு மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த லித்தியம் மாத்திரையில் ஒன்றரை வருஷமாக நன்றாகவே இருந்தவள். இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு ‘சைக்காலஜிஸ்ட்’டுக்குப் பணம் கட்டி நாலு முறை பேசியிருக்கிறாள். “மாத்திரைதான் உன்னை மந்தமாக்குது. சின்ன வயசுக் காயத்தை ஆத்தினா போதும்” என்று அவர் சொன்னதைக் கேட்டு, மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்திவிட்டாள். மூன்றே வாரம். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, ஓயாத பேச்சு. அம்மாவின் வளையலை அடகு வைத்து ஒன்பது ஜோடி செருப்பு வாங்கியிருக்கிறாள். அடகுச் சீட்டை என் மேஜையில் வைத்துவிட்டு அந்த அம்மா அழுதார்.

அந்த ஆலோசகர் என்ன படித்திருக்கிறார் என்று விசாரித்தேன். பி.எஸ்சி. உளவியல். வேறு ஒன்றுமில்லை. இந்த வருஷம் என்னிடம் வந்ததில் இது மூன்றாவது.

கோளாறு காலேஜில் சேரும்போதே ஆரம்பிக்கிறது. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பெற்றோர் கேட்பார்கள்: “எல்லாரும் இவகிட்டதான் மனசு விட்டுப் பேசுவாங்க மேடம், அதான் சைக்காலஜி சேர்க்கலாம்னு. கணக்கும் இவளுக்கு வராது.” இரண்டுமே தப்பான காரணம். இது அறிவியல் படிப்பு. மூளை, நரம்பு மண்டலம் பற்றி ஒரு பேப்பர் இருக்கும். புள்ளியியல் இருக்கும், திட்டவிலக்கம், டி-டெஸ்ட், கை-ஸ்கொயர் என்று வரும்போது கணக்குக்குப் பயந்து வந்த பிள்ளைகள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், ஆய்வு முறைகள் எல்லாம் உண்டு.

ஆய்வுக்கூடமும் உண்டு. கண்ணாடி வரைதல் என்று ஒரு சோதனை. கையைத் தடுப்பு மறைத்திருக்கும். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, இரண்டு கோடுகளுக்கு நடுவே நட்சத்திரத்தை வரைய வேண்டும். முதல் முறை பென்சில் மூலையிலேயே சிக்கி நிற்கும். திரும்பத் திரும்பச் செய்தால் பிழையும் நேரமும் குறையும். வலது கையில் பழகியது கொஞ்சம் இடது கைக்கும் வந்திருக்கும். ஸ்டாப்வாட்சும் ரெக்கார்டு நோட்டுமாக அதை அளந்து, வரைபடம் போட்டு, முடிவு எழுத வேண்டும். நடத்தையை அளக்கக் கற்றுக்கொடுக்கும் படிப்பு இது. எனக்கு மிகவும் பிடித்த வகுப்பும் இதுதான்.

மனநோய்களைப் பற்றி ஒரு பேப்பர் வரும், ஆலோசனை பற்றி ஒன்று வரும். பயமே அந்த இரண்டில்தான். அறிகுறிப் பட்டியலை மனப்பாடம் செய்வது வேறு, எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் அதைக் கண்டுபிடிப்பது வேறு. பட்டியலைப் படித்த ஜோரில் தனக்கே நாலு நோய் இருப்பதாக நினைத்து வரும் மாணவர்கள் எத்தனையோ பேர். நோயாளியைப் பார்த்து, பார்த்ததை மூத்தவர்களிடம் சொல்லி, திட்டு வாங்கி, திருத்திக்கொள்கிற வருஷங்கள் அந்தப் பட்டத்தில் கிடையாது. பொறுமையாகக் காது கொடுப்பது நல்ல குணம்தான். அது சிகிச்சை ஆகாது.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) யார் என்று வரையறுத்திருக்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தகுதி வேண்டும். அல்லது முதுநிலைக்கு மேல் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில்., அதில் மேற்பார்வையுடன் மருத்துவப் பயிற்சி வேண்டும். அப்புறம், விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சேருமுன் கவுன்சிலின் இணையதளத்தைப் பாருங்கள், கல்லூரி விளம்பரத்தைப் பார்த்துச் சேராதீர்கள்.

முதுநிலை முடித்துப் பயிற்சி பெற்ற நல்ல ஆலோசகர்கள் பள்ளிகளிலும் நிறுவனங்களிலும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நோய்க்குப் பெயர் வைப்பதும் மாத்திரையில் கை வைப்பதும் அவர்கள் வேலை இல்லை. இத்தனை வருஷ அனுபவத்துக்குப் பிறகும் எனக்கே மாத்திரை எழுத உரிமை கிடையாது; அது மனநல மருத்துவர் வேலை.

இறுதியாண்டு பிள்ளைகளே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். மேலே படியுங்கள். மனிதவளம், சந்தை ஆய்வு, சிறப்புக் கல்வி, சமூகப் பணி என்று எத்தனையோ வழி திறந்திருக்கிறது. பயிற்சி முடியும்வரை யாரையும் ‘கிளையண்ட்’ என்று கூப்பிடாதீர்கள்.

பெற்றோருக்கு: பணம் கட்டுமுன் என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. எண்ணைச் சொல்ல முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால், எழுதிக்கொடுத்த மருத்துவரை அன்றைக்கே கூப்பிடுங்கள். யாரைப் பார்ப்பது என்றே தெரியாவிட்டால் 14416-ஐ அழையுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.