கல்லீரலில் வெளிச்சம், கணையத்தில் நிழல்

கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. சுமார் 75 சதவீதம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக. மீதி கல்லீரல் தமனி வழியாக. ஆனால் கல்லீரல் செல்களில் பிறக்கும் புற்றுநோய்க் கட்டி, பெரும்பாலும் தமனி ரத்தத்தை மட்டுமே உறிஞ்சி வளர்கிறது. அந்தக் கட்டியை ஸ்கேனில் அடையாளம் காண்பது இந்த ஒரு வேறுபாட்டை வைத்துத்தான்.

ரத்தம் போகும் இடங்களை ஸ்கேனில் ஒளிரவைக்கும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் கையில் ஏற்றினால், ஏறக்குறைய 35 விநாடியில் அது கல்லீரல் தமனியில் நிறைந்திருக்கும். அப்போது கட்டி பளிச்சென்று தெரியும், சுற்றியுள்ள கல்லீரல் மங்கலாக இருக்கும். 70 விநாடி வாக்கில் போர்ட்டல் சிரை வழியாகவும் மருந்து வந்து கல்லீரல் முழுக்க வெளிச்சமாகிவிடும். 3 முதல் 5 நிமிடத்தில் எடுக்கும் படத்தில் கட்டியிலிருந்து மருந்து வடிந்துபோய், அது சுற்றுப்புறத்தைவிடக் கறுத்துக் கிடக்கும். முதலில் ஒளிர்ந்து பிறகு கறுத்துப்போகும் இதைத்தான் 'வாஷ் அவுட்' என்கிறார்கள்.

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) அல்லது நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு, 1 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கட்டி இப்படி நடந்துகொண்டால், ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி இல்லாமலே புற்றுநோய் என்று உறுதிசெய்யலாம். திசு எடுக்காமல் புற்றுநோயை முடிவுசெய்வது மருத்துவத்தில் அபூர்வம். ஊசி போன தடத்தில் புற்றுச் செல்கள் சிந்தக்கூடும், சிரோசிஸ் நோயாளிக்கு ரத்தக்கசிவும் ஆபத்து என்பதால் இது பெரிய வரம். ஆனால் கல்லீரல் நோயே இல்லாதவருக்கு இந்த விதி செல்லாது. அவருக்கு ஒளிரும் கட்டி புற்றல்லாத வேறொன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தவறு நேர்வதும் நேரக் கணக்கில்தான். பொதுவான வயிற்று சி.டி. 70 விநாடியில் ஒரே ஒரு முறை எடுக்கப்படுகிறது. கட்டி ஒளிரும் தருணம் அதற்குள் கடந்துவிடும். மருந்தை விநாடிக்கு 3 முதல் 5 மி.லி. வேகத்தில் செலுத்த வேண்டும். புறங்கையில் மெல்லிய வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) போட்டிருந்தால் அந்த வேகம் கிடைக்காது, படமும் மங்கும். மருத்துவர் தரும் ஸ்கேன் சீட்டில் 'மூன்று கட்ட சி.டி.' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

சிரோசிஸ் உள்ளவர்கள் 6 மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். 1 செ.மீ.க்குக் குறைவான முடிச்சு தெரிந்தால் 3 மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். கூடவே பார்க்கும் ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றுநோயில் உயரக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பக் கூடாது. புற்றுநோய் இருந்தும் அது இயல்பாகவே இருப்பவர்கள் நிறைய. கர்ப்பத்திலும் அது ஏறும்.

கணையத்தில் கதை தலைகீழ். அங்கே வரும் புற்றுநோய் பெரும்பாலும் நார்த்திசு அடர்ந்த, ரத்த ஓட்டம் குறைந்த கட்டி. 40–45 விநாடியில் ஆரோக்கியமான கணையம் ஒளிரும்போது கட்டி கறுப்பு நிழலாக விழும். சில கட்டிகள் கணையத்தின் அதே நிறத்திலேயே ஒளிந்துகொள்ளும். அப்போது திடீரென்று அடைபட்டு, அதற்குப் பின்னால் வீங்கியிருக்கும் கணைய நாளம் மட்டுமே துப்பு.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருப்பதால் குடல் வாயு அல்ட்ராசவுண்டை மறைத்துவிடும். வலியில்லாத மஞ்சள் காமாலை வந்தவருக்கும், 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்து எடையும் குறைபவருக்கும், 'அல்ட்ராசவுண்ட் நார்மல்' என்பதோடு தேடலை நிறுத்தவே கூடாது. காமாலைக்கு ஸ்டென்ட் (அடைபட்ட பித்தக் குழாயைத் திறந்துவைக்கும் சிறு குழாய்) வைப்பதற்கு முன்பே சி.டி. எடுத்துவிட வேண்டும், ஸ்டென்ட்டும் அதனால் வரக்கூடிய வீக்கமும் கட்டியின் எல்லையைக் குழப்பிவிடும். கணையப் புற்றுநோயில் ரத்தத்தில் உயரக்கூடிய சி.ஏ. 19-9 என்ற பொருளின் அளவு 37-ஐத் தாண்டினாலும் பதற வேண்டாம், பித்தநீர் அடைப்பே அதை உயர்த்தும். மாறாக, 5 முதல் 10 சதவீதம் பேரின் உடல் இந்தப் பொருளைத் தயாரிப்பதே இல்லை, அவர்களுக்குப் புற்றுநோய் இருந்தாலும் அது ஏறாது.

திசு தேவையென்றால் எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட். குழாய் இரைப்பைக்குள் போய், சுவரை ஒட்டியுள்ள கணையத்தை மிக அருகில் படமெடுக்கும். அங்கிருந்தே மெல்லிய ஊசி உள்ளே போகும். நார்த்திசு அதிகம் என்பதால் ஊசியில் புற்றுச் செல் சிக்காமலும் போகலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் மறுபடி எடுப்பார்கள். நேரடியாக அறுவை செய்து அகற்றக்கூடிய கட்டிக்கு, படம் தெளிவாக இருந்தால் முன்கூட்டியே பயாப்ஸி கட்டாயமில்லை. கீமோ முதலில் தருவதாக இருந்தால் கட்டாயம்.