பாதியில் நின்ற கூரை

மூன்றாக மடிகிற குடை வைத்திருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். தாத்தா காலத்து நீளக் குடை பத்து மழைக்காலம் தாங்கும். கைப்பைக்குள் அடங்குகிற குடைக்கு மூட்டுகள் அதிகம், ஆயுள் குறைவு. சரி, ஒரு காரின் கெட்டிக் கூரையையே அப்படி மடித்து, கண்ணாடியோடு சேர்த்து டிக்கிக்குள் வைத்தால்? அதையும் ஒரு பட்டனை அழுத்தி, அரை நிமிடத்துக்குள் செய்யச் சொன்னால்?

கெட்டிக் கூரை கன்வர்டிபிள் கார்கள் இதைத்தான் செய்கின்றன. யோசனை புதிதல்ல. 1930களில் ஃபிரான்ஸில் ஜார்ஜ் போலான் என்ற பல் மருத்துவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பெஜோ நிறுவனம் அதை ‘எக்ளிப்ஸ்’ என்ற பெயரில் காரில் கொண்டுவந்தது. பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கார் கூரை எப்படி வாயில் மாட்டியது என்று கேட்கத் தோன்றும். அவருக்குக் கார்களை வடிவமைப்பதில் தீராத ஆசை, அவ்வளவுதான். அவருடைய கூரை ஒரே துண்டு. அப்படியே பின்னால் சரிந்து டிக்கிக்குள் இறங்கிவிடும்.

நம்பகத்தன்மை என்று பேசினால் 1957க்கு வர வேண்டும். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் ஃபேர்லேன் 500 ஸ்கைலைனரை விற்பனைக்குக் கொண்டுவந்த வருடம் அது. கணினி கிடையாது, அழுத்தத்தால் உறுப்புகளைத் தள்ளும் ஹைட்ராலிக் எண்ணெய் கிடையாது. எல்லாமே மின்சாரம்: 7 மோட்டார்கள், 10 ரிலேக்கள் (மின்சாரத்தாலேயே இயங்கும் சுவிட்சுகள்), 10 லிமிட் சுவிட்சுகள் (ஒரு உறுப்பு தன் எல்லைக்கு வந்ததும் அழுந்துபவை), 8 சர்க்யூட் பிரேக்கர்கள் (மின்சாரம் மிகுந்தால் துண்டிப்பவை), இவற்றை இணைக்கச் சுமார் 180 மீட்டர் வயர்.

அது வேலை செய்யும் அழகைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கியர் நியூட்ரலில் இருந்தால்தான் எதுவுமே நகரும். முதலில் டிக்கி மூடியின் பூட்டு கழலும். மூடி, நாம் பழகியபடி முன்பக்கக் கீலில் அல்ல, பம்பர் பக்கக் கீலில் பின்னோக்கித் திறக்கும். அது முழுசாக எழுந்து நின்றதும் ஒரு லிமிட் சுவிட்சை அழுத்தும். அந்த அழுத்தம்தான் அடுத்த மோட்டாருக்குக் கிடைக்கும் உத்தரவு. கூரையின் பூட்டுகள் கழலும், கூரை எழுந்து பின்னால் போகும். டிக்கிக்குள் அடங்காத அதன் முன்விளிம்பு உள்பக்கமாக மடியும். கடைசியில் மூடி கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கட்டமும் அடுத்ததைத் தட்டி எழுப்புகிறது. கிராமத்துத் தீயணைப்பில் கைமாறும் வாளி மாதிரி. நடுவில் ஒருவர் தூங்கிவிட்டால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. மேலே சொன்ன மோட்டார், ரிலே, சுவிட்ச், பிரேக்கர் எல்லாம் சேர்த்து 35. ஒவ்வொன்றும் ஆயிரத்தில் 999 தடவை சரியாக வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனியாகப் பார்த்தால் பிரமாதமான உறுப்பு. ஆனால் கூரை திறக்க 35ம் ஒரே சமயத்தில் ஒழுங்காக இருக்க வேண்டும். 0.999ஐ 35 தடவை பெருக்கினால் கிடைப்பது சுமார் 0.966. நூறு தடவை பட்டனை அழுத்தினால் மூன்று தடவைக்கு மேல் எங்கேயோ ஒன்று கைவிடும். அதனால் இந்த மாதிரி இயந்திரத்தில் ‘நல்ல உறுப்பு’ போதாது, அபார நல்ல உறுப்பு வேண்டும். ஃபோர்டு அதைப் புரிந்துகொண்டிருந்தது போலும். மூன்று வருடத்தில் 48,000க்கும் மேற்பட்ட ஸ்கைலைனர்கள் விற்றன, அவற்றில் பல இன்றும் சேகரிப்பாளர்கள் கையில் கூரையை மடக்கிக் காட்டிக்கொண்டிருக்கின்றன. நிறுத்தியதற்குக் காரணம் விலையும், டிக்கியில் பெட்டி வைக்க இடமில்லாததும்.

அப்புறம் நீண்ட இடைவெளி. 1996இல் மெர்சிடிஸ் எஸ்எல்கே வந்துதான் இந்தக் கூரையை மறுபடி நாகரிகமாக்கியது. 25 விநாடி, 5 ஹைட்ராலிக் சிலிண்டர்கள். பின்னால் ஒளிந்திருக்கும் சின்ன மின் பம்ப் எண்ணெயை நூறு பாருக்கும் மேலான அழுத்தத்தில் சிலிண்டருக்குள் தள்ளும். பார் என்பது அழுத்தத்தின் அலகு; கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு அழுத்தம் இருப்பதால் கட்டைவிரல் தடிமன் சிலிண்டர் ஒன்று கனமான கூரையைச் சாவகாசமாகத் தூக்கிவிடுகிறது.

ஆகவே கூரை பாதியில் நிற்பது வலு இல்லாமல் அல்ல. பெரும்பாலும் அதற்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போவதால்தான்.

பழைய லிஃப்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கதவு முழுசாகச் சாத்தவில்லை என்றால் எத்தனை தடவை பட்டனை அழுத்தினாலும் நகராது. மோட்டார் நன்றாகத்தான் இருக்கும். கதவின் சுவிட்ச் ‘மூடிவிட்டது’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இன்றைய காரில் இப்படிப் பல ‘கதவுகள்’. ஜன்னல் கண்ணாடிகள் இறங்கினவா, டிக்கி மூடி எந்தக் கோணத்தில் நிற்கிறது, பூட்டு கழன்றதா, பேட்டரியில் போதுமான வோல்டேஜ் இருக்கிறதா, கார் நிற்கிறதா. சென்சார்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒன்று பதில் சொல்லாவிட்டாலும் கட்டுப்பாட்டுக் கருவி கூரையை அந்த இடத்திலேயே நிறுத்தும். கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்தால், பாதி திறந்த மூடியில் கூரை போய் இடித்துக்கொள்ளும். எனவே அது நிற்பது பிடிவாதமல்ல, ஜாக்கிரதை.

இதனால் வரும் வேடிக்கை: ‘கூரை ரிப்பேர்’ என்று வொர்க்‌ஷாப்புக்கு வரும் கார்களில் சிலவற்றுக்கு ரிப்பேரே இருக்காது. டிக்கிக்குள் கூரைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு தடுப்புத் திரை உண்டு. அது கொக்கியில் மாட்டப்படாமல் இருந்தாலே போதும், கூரை அசையாது.

நிஜமான ரிப்பேர் எங்கே? டிக்கி கீலின் பக்கத்தில் கையை விட்டால், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் தட்டுப்படும். மூடிக்குள் போகும் வயர்கள் அதன் வழியாகத்தான் போகின்றன. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த இடம் வளைந்து நிமிர்கிறது. கெட்டிக் கூரை கார்களில் மூடி இரண்டு பக்கமும் திறக்கும்: பெட்டி வைக்க ஒரு பக்கம், கூரை இறங்க மறுபக்கம். வளைவும் இரட்டிப்பு. செல்போன் சார்ஜர் வயர் எங்கே அறும்? நடுவில் அல்ல, கழுத்தில். இங்கேயும் அதே கதை. செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் ஒன்றிரண்டு மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். மேல் உறை பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். இன்று வேலை செய்யும், நாளை செய்யாது, மறுநாள் மறுபடி செய்யும். மெக்கானிக்கைப் பைத்தியமாக்கும் ரகம் இது. சென்சாரை மாற்றுவார், பம்பை மாற்றுவார், கடைசியில் நூறு ரூபாய்க்குக்கூடப் பெறாத வயர்த்துண்டு பல்லை இளிக்கும்.

எண்ணெய்க் கசிவு இரண்டாவது. சிலிண்டரின் ஆயில் சீல் வெயிலிலும் வயதிலும் இறுகிப்போகும். துளித் துளியாகக் கசிந்தால் அழுத்தம் குறையும், கூரை நடுவழியில் திணறும். முன்கண்ணாடிக்கு மேலே பூட்டுக்குச் சிலிண்டர் வைத்த துணிக் கூரை கார்களில் எண்ணெய் நேராக ஓட்டுபவர் தலையிலேயே சொட்டிய கதைகளும் உண்டு.

மழைநீர் மூன்றாவது. துண்டுகள் கூடக் கூட இடைவெளிகளும் கூடும். 2006இல் வந்த ஃபோக்ஸ்வேகன் இயோஸின் கூரை ஐந்து துண்டு, அதில் ஒன்று தனியாகத் திறக்கும் சன்ரூஃப் வேறு. ஒவ்வொரு சந்துக்கும் ரப்பர் பீடிங். காய்ந்த ரப்பர் சுருங்கும், கிறீச்சிடும், அப்புறம் ஒழுகும். அதற்கென்று உள்ள கிரீஸை வருடத்துக்கு ஓரிரு முறை தடவினால் பெரும்பாலான தொல்லை தீரும். ஆனால் கூரைக்குத் தலைமுடி போல எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று ஷோரூமில் யார் சொல்கிறார்கள்?

எனக்குப் பிடித்த விடை மஸ்டாவுடையது. அதே 2006இல் எம்எக்ஸ்-5 காருக்கு வந்த கெட்டிக் கூரை, ஹைட்ராலிக்கே இல்லாமல் மின் மோட்டார்களால் 12 விநாடியில் மடிந்தது. கூடிய எடை 37 கிலோதான். முன்கண்ணாடி மேலுள்ள பூட்டை மட்டும் ஓட்டுபவர் கையாலேயே கழற்ற வேண்டும். கஞ்சத்தனம் என்று சிலர் நினைத்திருக்கலாம். எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது: ஒரு மோட்டார், அதன் வயர் எல்லாம் போய், அந்த இடத்தில் ஒரு கை. கை அறுந்துபோகாது.

கடைசியில் பெரிய பெயர்களே துணிக்குத் திரும்பின. பிஎம்டபிள்யூ இசட்4க்கு 2018இல் வந்த புதிய தலைமுறைக்குத் துணிக் கூரை, மெர்சிடிஸ் எஸ்எல்லுக்கு 2021இல். பழுதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எடை, டிக்கி இடம், காரின் மேல்பகுதியில் ஏறும் கனம் எல்லாமே கணக்கில் வரும். துணிக்கு மாறியதில் மெர்சிடிஸ் சொன்ன எடை மிச்சம் 21 கிலோ.

பழைய கெட்டிக் கூரை கார் வாங்கப் போகிறவர் இன்ஜினை ஓடவிட்டு, சமதரையில் ஒரு தடவை கூரையைத் திறந்து மூடிப் பார்க்கலாம். அப்புறம் ஒரு சக்கரத்தை மட்டும் நடைபாதை விளிம்பில் ஏற்றி நிறுத்தினால், காரின் உடம்பு ஓரிரு மில்லிமீட்டர் முறுக்கிக்கொண்டு பூட்டுக் கொக்கிகள் குழியைத் தவறவிடலாம்; அது கூரையின் குற்றமல்ல, பயப்பட வேண்டாம். டிக்கி விரிப்பைத் தூக்கி எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கீல் பக்கத்து ரப்பர் குழாயைக் கொஞ்சம் விலக்கி, வயர்களை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் மெதுவாக இழுங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். உள்ளே அறுந்த வயர் ரப்பர் பேண்ட் மாதிரி நீளும்.