மும்பையில் எச்ஐவி பரிசோதனை, மருந்து: காசு வேண்டாம், ஊர்க்காரர்களுக்குத் தெரியவும் வேண்டாம்

தாராவியிலோ, சயான் கோலிவாடாவிலோ, ஆண்டாப் ஹில்லிலோ குடியிருக்கும் தமிழர் ஒருவருக்கு எச்ஐவி பரிசோதனை செய்து பார்த்துவிடலாம் என்று தோன்றினால், நோயைப் பற்றிய பயத்துக்கு முன்னால் இன்னொரு பயம் வந்து நிற்கும். ஆஸ்பத்திரி வரிசையில் நம்ம தெருக்காரர் யாராவது பார்த்துவிட்டால்? பக்கத்துச் சாலுக்கு (வரிசை அறைக் குடியிருப்புக்கு) தெரிவதற்குள் திருநெல்வேலியில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குச் சேதி போய்விடுமே! இப்படியே தள்ளிப்போட்டு, உடம்பு இளைத்து, காசநோயும் சேர்ந்த பிறகு வருகிறவர்கள் நிறையப் பேர். இந்தப் பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. காசு வாங்காத மையங்களும் இருக்கின்றன.

ஊரில் நம்பிக்கை மையம் என்று பலகை மாட்டியிருப்பார்களே, அதேதான் இங்கே ஐசிடிசி, அதாவது எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம். சயான், கேஇஎம், நாயர், ஜேஜே போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் எல்லாம் உண்டு. மும்பைக்கு இதைப் பார்த்துக்கொள்வது மும்பை மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம். தானே, நவி மும்பை பக்கம் இருப்பவர்களுக்கு மகாராஷ்டிர மாநிலச் சங்கம். இரண்டுக்கும் மேலே டெல்லியில் நாகோ என்ற தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு. பரிசோதனைக்கோ ஆலோசனைக்கோ கட்டணம் கிடையாது. டாக்டர் எழுதித் தர வேண்டும் என்றும் இல்லை, நீங்களாகவே நேராகப் போய்க் கேட்கலாம்.

உள்ளே போனதும் ஊசி குத்த மாட்டார்கள், முதலில் பேச்சுத்தான். ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கும் கேள்விகள் கூச்சமாக இருக்கும். உறவு யாருடன், ஆணா பெண்ணா, ஆணுறை போட்டீர்களா, போதை ஊசி பழக்கம் உண்டா என்றெல்லாம் வரும். மேஜை மேல் மரத்தில் செய்த ஆணுறுப்பு மாதிரி ஒன்று நிற்கும். ஆணுறையைச் சரியாக மாட்டுவது எப்படி என்று காட்டுவதற்காக வைத்திருப்பது அது. தினமும் இதே விஷயத்தைப் பேசுகிறவர்கள் அவர்கள், அதனால் உண்மையைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

அப்புறம்தான் ரத்தம். முதல் பரிசோதனையில் எதுவும் தெரியாவிட்டால் அதோடு சரி. ஆபத்து என்று நினைக்கும் சம்பவம் நடந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால் மட்டும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். முதல் பரிசோதனையில் தெரிந்தால், வேறு வேறு வகைக் கிட்களில் இன்னும் இரண்டு முறை பார்ப்பார்கள். மூன்றும் ஒரே முடிவைக் காட்டினால்தான் எச்ஐவி இருக்கிறது என்று சொல்லலாம். தனியார் லேபில் ஒரே ஒரு பரிசோதனை செய்து, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் கிடப்பவர்கள் முதலில் ஐசிடிசிக்கு வந்து உறுதி செய்துகொள்வது நல்லது.

சட்டம் சொல்லும் ரகசியம்

எச்ஐவி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் மும்பைத் தமிழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது அனுமதி பற்றிய பகுதி. உங்கள் சம்மதம் இல்லாமல் எச்ஐவி பரிசோதனை செய்யக் கூடாது. அந்தச் சம்மதம் எப்படி வாங்கியதாக இருக்க வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது: நன்மை தீமைகளை உங்களுக்குப் புரியும் மொழியில், புரியும் விதத்தில் விளக்கிய பிறகு வாங்கியிருக்க வேண்டும். மராத்தியில் இருக்கும் தாளை நீட்டி "இங்கே கையெழுத்துப் போடு" என்றால் அது சம்மதம் ஆகாது. தமிழ் மட்டும்தான் தெரியும், அல்லது பஜார் இந்திதான் பேச வரும் என்பவர்கள் கூச்சப்படாமல் சொல்லலாம், எனக்குப் புரிகிற மாதிரி விளக்குங்கள் என்று.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மொழி தெரியாது என்பதற்காக மச்சானையோ பக்கத்து வீட்டு அண்ணனையோ கூட்டிப்போனால், ரகசியம் அந்த அறைக்குள்ளேயே உடைந்துவிடும். ஆஸ்பத்திரி ஊழியர்களில் தமிழ் பேசுகிறவர் யாராவது இருக்கிறார்களா என்று ஆலோசகரிடமே கேட்பதுதான் என் யோசனை. அந்த ஊழியர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர், மச்சானுக்கு அப்படி ஒரு கட்டு இல்லை. போவதற்கு முன்னால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் போன் செய்து, தமிழில் பேசுபவர் வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

முடிவு யாருக்குத் தெரியலாம்? நீங்கள் சம்மதித்தவர்களுக்கு. உங்களுக்குச் சிகிச்சை தருபவர்கள், அதற்குத் தேவையான அளவு, தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். கோர்ட் உத்தரவு போட்டால் சொல்ல வேண்டியிருக்கும். முதலாளி, வீட்டுச் சொந்தக்காரர், சங்கத் தலைவர், ஊர்ப் பெரியவர் யாருக்கும் கேட்கும் உரிமை இல்லை. கோர்ட்டுக்கே போக நேர்ந்தாலும், உங்கள் பெயரை மறைத்து வேறு பெயரில் வழக்கை நடத்தக் கேட்கலாம்.

மனைவி, கணவன் விஷயம் கொஞ்சம் வேறு. ஆபத்தில் இருக்கும் துணைக்கு நீங்களே சொல்லும்படி ஆலோசகர் பேசிப் பார்ப்பார். நீங்கள் சொல்லவே இல்லை, துணைக்கு நிஜமாகவே ஆபத்து என்றால், சொல்லப்போகிறேன் என்று உங்களிடம் தெரிவித்துவிட்டு டாக்டரோ ஆலோசகரோ துணையிடம் நேரில் சொல்லலாம். ஆனால் சொன்னால் அடி விழும், வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்கள் என்ற நியாயமான அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், அப்படிச் சொல்லக் கூடாது. கர்ப்ப காலப் பரிசோதனையில் முதன்முதலாக விஷயம் தெரிந்து, புருஷனுக்கு முன்னால் குற்றவாளி மாதிரி நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். பல வீடுகளில் நோய் வந்த வழியே புருஷன்தான். இந்த விதியை அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் சொல்லியாக வேண்டும். தனக்குத் தொற்று இருப்பதை அறிந்து, ஆலோசனையும் பெற்றவர் அடுத்தவருக்குப் பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கடமையையும் சட்டம் வைத்திருக்கிறது, அதையும் மறக்க வேண்டாம்.

மருந்து

முன்பெல்லாம் ரத்தத்தில் சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை இறங்கும்வரை மருந்து தொடங்காமல் காத்திருக்கச் சொல்வார்கள். அதை மாற்றியது ஆராய்ச்சி. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியரை வைத்து நடந்த எச்பிடிஎன் 052 என்ற ஆய்வில், தம்பதியில் ஒருவருக்கு மட்டும் எச்ஐவி. சீக்கிரமே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்தது என்று 2011-ல் முடிவு வந்தது. புனேயிலும் சென்னையிலும் உள்ளவர்கள் அந்த ஆய்வில் பங்கெடுத்தார்கள் என்பதை நம்மில் பலர் அறிய மாட்டோம். உடனே தொடங்குவது நோயாளியின் உடம்புக்கும் நல்லது என்று 2015-ல் ஸ்டார்ட் என்ற ஆய்வு காட்டியது. 2017-ல் இந்தியாவும் விதியை மாற்றியது: தொற்று உறுதியானால், சிடி4 எவ்வளவு இருந்தாலும் மருந்து.

மருந்து ஏஆர்டி மையத்தில், அதாவது எச்ஐவி மருந்துச் சிகிச்சை மையத்தில், இலவசம். ஊரில் கூட்டு மருந்து என்பார்கள். பெரும்பாலோருக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. வைரஸ் அளவைப் பார்க்கும் பரிசோதனையும் இலவசம். ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வைரஸ் இறங்கி அப்படியே நின்றுவிட்டால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. இது ஆறுதலுக்குச் சொல்லும் பேச்சு இல்லை, பெரிய ஆய்வுகளில் நிரூபணமானது. கல்யாணம், குழந்தை எல்லாம் சாத்தியம். கர்ப்பிணி ஒழுங்காக மருந்து எடுத்து, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தால், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும்.

பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் மாத்திரை டப்பாவின் கலகல சத்தம்கூடப் பிரச்சினைதான். அதனால் மாத்திரைகளைத் தாளில் மடித்து வைக்கிறார்கள், மும்பை மழைக்காலத்து ஈரத்தில் அவை கெட்டுப்போகின்றன. டப்பாவிலேயே மூடி வைப்பதுதான் நல்லது, சத்தத்துக்கு என்ன வழி என்று ஆலோசகரிடம் கேளுங்கள்.

ஊர் விஷயத்துக்கு வருவோம். மகாராஷ்டிர ரேஷன் கார்டு இருந்தால்தான் மருந்து என்று எந்த விதியும் கிடையாது. அடையாள அட்டை, முகவரிச் சான்று கேட்பார்கள், எடுத்துப்போனால் வேலை சுலபம். கோயில் கொடைக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறுவதற்கு முன்னால் மையத்தில் சொல்லுங்கள். உடம்பு சீராக இருப்பவர்களுக்கு ஒரு மாதத்துக்கு மேலும் மருந்து கொடுப்பதுண்டு. ஊரிலேயே தங்கிவிடப் போகிறீர்கள் என்றால், இங்கிருந்து அங்குள்ள ஏஆர்டி மையத்துக்கு மாற்றல் எழுதி வாங்கலாம். ஊரில் பதிவு செய்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவர்களுக்கும் இதே வழிதான். ஊர் மையத்துக்குப் போகவே பயந்து, மருந்தை நடுவில் விட்டுவிடுவதுதான் ஆபத்து.

குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மருந்து தருவதைப் பற்றிய சட்டப்பிரிவில் "இயன்றவரை" என்ற பொருளில் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். அது உரிமையை மெலிய வைக்கிறது. 2022-ல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, எச்ஐவியுடன் வாழ்கிறவர்கள் டெல்லியில் நாகோ அலுவலகத்தின் முன்னால் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

எச்ஐவி இல்லாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. புண், வெள்ளைப்படுதல், சிறுநீர்க் கடுப்பு என்றால் சுரக்ஷா கிளினிக், அதாவது ஊரில் சுகவாழ்வு மையம் என்பது. நோய்க்கு ஏற்ற நிறத்தில் மருந்து கிட் இலவசமாகத் தருவார்கள், துணைக்கும் சேர்த்து. பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், ஆஸ்பத்திரி வேலையில் ஊசி குத்திக்கொண்டவர்கள் 72 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்குப் போனால், 28 நாள் தடுப்பு மருந்து கிடைக்கும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, முதல் இரண்டு மணி நேரமே சிறந்தது. ஆபத்து வருவதற்கு முன்பே எடுத்துக்கொள்ளும் பிரெப் மாத்திரைக்கு நாகோ 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. எல்லோருக்கும் இலவசம் என்ற நிலை இன்னும் வரவில்லை, டாக்டர் சீட்டுடன் வாங்கலாம்.

வேலைக்குச் சேர எச்ஐவி பரிசோதனை கேட்பது, தொற்று இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு நீக்குவது, நர்சிங் ஹோமில் ஆபரேஷன் மறுப்பது, பள்ளியில் பிள்ளையைச் சேர்க்காதது, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வது எல்லாம் இந்தச் சட்டப்படி தவறு. நூறு பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்களிலும், இருபது பேரோ அதற்கு மேலோ இருக்கும் மருத்துவமனைகளிலும் புகார் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். அதற்கு மேல் மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளர் உண்டு. சிகிச்சை மறுப்பு போன்றவற்றுக்கு அவரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். 30 நாளுக்குள் அவர் உத்தரவிட வேண்டும், உயிருக்கு அவசரம் என்றால் 24 மணி நேரத்துக்குள். உத்தரவை மதிக்காதவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து மதிக்காவிட்டால் நாளுக்கு 5,000 வரை கூடும். புகாரில் தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதுங்கள். கேஸ் பேப்பரையும் சீட்டுகளையும் தூக்கிப் போடாமல் வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் ஏஆர்டி மைய ஆலோசகரின் உதவியைக் கேட்கலாம்.