வாட்டர்ஷெட்: நீர்வடிப்பகுதி

பெய்யும் மழை வடிந்து ஓர் ஓடையிலோ ஆற்றிலோ போய்ச் சேரும் நிலம் முழுவதும் அந்த ஆற்றின் வாட்டர்ஷெட். தமிழில் நீர்வடிப்பகுதி.

ஜெர்மன் மொழியில் வாசர்ஷைட என்றால் தண்ணீரை இருபுறமும் பிரித்து அனுப்பும் மேடு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பார்த்து ஆங்கிலத்தில் ஆக்கிக்கொண்ட சொல் வாட்டர்ஷெட். பிரிட்டனில் மேடு என்ற பொருளே நிலைத்தது. அமெரிக்காவில் மேடுகளுக்குள் அடங்கிய நிலத்தைக் குறிக்கலாயிற்று. மேட்டைச் சொல்ல நம் பாடநூல்களில் நீர் பிரிமேடு இருக்கிறது. நிலத்தை நீர்ப்பிடிப்புப் பகுதி என்றும் எழுதுகிறோம், இலங்கையில் நீரேந்துப் பிரதேசம் என்பார்கள். அணைக்கும் ஏரிக்கும் இவை சரி. ஆனால் மாசைச் சுமந்து போவது வடியும் நீர் என்பதால், மாசு பற்றிய பேச்சில் நீர்வடிப்பகுதியே பொருந்தும்.

நிலப்பயன்பாடு மாறினால் மாசு எவ்வளவு கூடும் என்று கணிக்கப் பரவலாகப் பயன்படும் கணினி மாதிரி, அமெரிக்க வேளாண் துறையில் உருவான சுவாட். மண், சரிவு, பயன்பாடு மூன்றும் ஒத்த துண்டுகளாக நிலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வழிந்தோடும் நீரையும் அதோடு போகும் மண், நைட்ரஜன், பாஸ்பரஸையும் நாள்வாரியாகக் கணக்கிடும். வழிந்தோடலைக் கணக்கிட வளைகோட்டு எண் என்று ஒன்று உண்டு, அது கூடினால் ஓடும் நீரும் கூடும். ஓரளவு நீர் இறங்கும் மண்ணில் நல்ல காட்டுக்கு 55, வரிசைப் பயிருக்கு 78. தார்ச்சாலைக்கு எங்கும் 98. 100 மி.மீ. மழைக்குக் காட்டிலிருந்து சுமார் 13 மி.மீ.தான் ஓடிவரும். வயலிலிருந்து 47, சாலையிலிருந்து 94!

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலம் வழியாக, கனடா எல்லையிலுள்ள ஈரி ஏரியில் கலக்கும் மௌமி ஆற்றைப் பாருங்கள். அதன் நீர்வடிப்பகுதியில் கிரேட் பிளாக் ஸ்வாம்ப் என்ற பெரும் சதுப்புக்காடு இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வாய்க்கால் வெட்டி, மண்ணுக்கடியில் குழாய் பதித்து, அதை வயலாக்கினார்கள். இன்று அந்த வயல்களின் உரத்திலுள்ள பாஸ்பரஸ் ஏரிக்குப் போய்ப் பாசியை வளர்க்கிறது. 2014 ஆகஸ்டில், அந்த ஏரியிலிருந்து குடிநீர் எடுக்கும் டொலீடோ நகர வட்டாரத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று அறிவித்தார்கள். கொதிக்க வைத்தாலும் போகாத பாசிநஞ்சு அது.

அப்புறம் 2016இல் அமெரிக்காவும் கனடாவும், பாஸ்பரஸை 2008ஆம் ஆண்டு அளவிலிருந்து 40 சதவீதம் குறைப்பதென இலக்கு வைத்தன. உரத்தை மண்ணுக்குள் இடுவது, ஓடையோரம் புல் வளர்ப்பது, ஈரநிலத்தை மீட்பது என ஒவ்வொரு வழியையும் மௌமிக்கான சுவாட் மாதிரிகளில் ஓட்டிப் பார்த்தார்கள். எந்த ஒன்றும் தனியாகப் போதாது, பலவற்றைச் சேர்த்துப் பெரும்பரப்பில் செய்தால்தான் இலக்கை எட்டலாம் என்று கணக்கு காட்டியது.