எப்போது வருகிறது அந்தச் சத்தம்?

பழைய மோட்டார் சைக்கிளைப் பட்டறைக்குக் கொண்டுபோகிறவர்கள் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார்கள். டக் டக், கிடுகிடு, கிணிங், சிக் சிக் என்று ஆளுக்கொரு ராகம். வேலூர், காட்பாடிப் பக்கம் புல்லட் எஞ்சின் கட்டிப் பழகிய மெக்கானிக் என்றால் அந்தக் கச்சேரியைப் பாதியில் நிறுத்திவிட்டு, "காலையில் ஸ்டார்ட் செய்ததும் வருகிறதா, ஓடிச் சூடேறிய பிறகு வருகிறதா சார்?" என்று கேட்பார். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் அவருக்கு வேண்டும்.

எஞ்சினுக்குள் இரண்டு உலோகப் பாகங்கள் மோதும்போது பிறக்கும் அதிர்வு நேராக நம் காதுக்கு வருவதில்லை. சிலிண்டரைச் சுற்றிச் சூட்டைக் காற்றில் விடும் ஃபின்கள், கிராங்க் கேஸ் மூடி, பெட்ரோல் டேங்க் எல்லாம் அந்த அதிர்வை வாங்கித் தத்தம் சுருதியில் ஒலிக்கின்றன. ஒரே தேய்மானம் ஒரு வண்டியில் கனமாகவும் இன்னொன்றில் கீச்சென்றும் கேட்பது இதனால்தான். ஆனால் மோதல் எந்தச் சுற்றில், எந்தச் சூட்டில், எந்தப் பளுவில் நடக்கிறது என்பதை எந்த மூடியாலும் மறைக்க முடியாது.

முதலில் தாளம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். வால்வைத் திறந்து மூடும் வேலை முழுவதும் கேமின் கணக்கில் நடக்கிறது. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் பேரிங் ஆகியவை கிராங்கின் கணக்கில் இயங்குகின்றன. ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் திருகாத நிலையில், நிமிடத்துக்கு 960 சுற்று ஓடும் வண்டியில் கிராங்க் நொடிக்கு 16 முறையும் கேம் 8 முறையும் சுற்றும். இவ்வளவு வேகத்தைக் காது எண்ணாது, எண்ணவும் தேவையில்லை. ஒற்றை சிலிண்டர் வண்டியில் சைலன்சர் போடும் 'தப் தப்' அடியும் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். அதையே தாளமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு தப்புக்குச் சம இடைவெளியில் இரண்டு டக் வந்தால் வால்வுப் பக்கம் குற்றமில்லை, கீழே பார்க்க வேண்டும். ஒரு தப்புக்கு ஒரு டக் வந்தால், கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள டேப்பெட்டைச் சந்தேகிக்கலாம். சந்தேகம் மட்டுமே, தீர்ப்பு அல்ல. தேய்ந்த பிஸ்டனும் ராடும் பெட்ரோல் எரிந்து தள்ளும் ஸ்ட்ரோக்கில்தான் பலமாக அடிக்கும். அதுவும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வருகிறது. இரண்டு டேப்பெட்டும் தளர்ந்திருந்தால் ஒரு தப்புக்கு இரண்டு டக் கேட்கும், ஆனால் இடைவெளி சமமாக இராது, நொண்டும். கைபேசியில் சில நொடிகள் பதிவு செய்து, அலை வடிவத்தைத் திரையில் விரித்துப் பார்த்தால் இந்த நொண்டல் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

தாளம் தீர்க்காததைச் சூடு தீர்க்கும். அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியக்கூடியது. திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியக் கலவை, விட்டம் 70 மி.மீ. இரண்டும் 100 டிகிரி சூடேறினால் பிஸ்டன் 0.16 மி.மீ. அளவுக்குப் பருக்கும், சிலிண்டரின் வாய் 0.08 மி.மீ. அளவுதான் அகலும். நடுவில் உள்ள இடைவெளியில் 0.08 மி.மீ. காணாமல் போய்விடும். ஆகவே போர் (சிலிண்டரின் உள்துளை) தேய்ந்த வண்டியில் காலையில் பிஸ்டன் பக்கவாட்டில் ஆடிச் சுவரில் அடிக்கும் சத்தம், சில கிலோமீட்டர் ஓடியதும் அடங்கிவிடுகிறது. இப்படி அடங்கும் சத்தத்துக்காக உடனே எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. ஆயில் குடிக்காமல், புகை விடாமல் இருந்தால் அப்படியே பல காலம் ஓடும்.

அதே புல்லட்டின் டேப்பெட்டோ எதிர்த்திசையில் நடந்துகொள்கிறது. எஞ்சின் சூடாகும்போது சிலிண்டரும் ஹெட்டும் உயரத்தில் வளர்கின்றன. கேமின் தள்ளலை மேலே வால்வுக்குக் கொண்டுபோகும் புஷ்ராடு அந்த அளவுக்குச் சூடாவதில்லை, அந்த அளவுக்கு நீள்வதும் இல்லை. குளிர்ந்திருக்கும்போது இல்லாத இடைவெளி சூட்டில் பிறக்கிறது. அதனால்தான் அந்த எஞ்சினில் டேப்பெட்டைக் குளிர்ந்த நிலையில் இடைவெளியே இல்லாமல் வைக்கச் சொல்கிறார்கள்: விரலால் உருட்டினால் புஷ்ராடு தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஓடிச் சூடேறிய புல்லட்டில் மெல்லிய டிக் டிக் கேட்பது இயல்பு. அதைப் பொறுக்காமல் சூட்டோடு சூடாக டேப்பெட்டை இறுக்கச் சொல்கிறவர்கள் உண்டு. வண்டி ஆறிய பிறகு இடைவெளி எதிர்மறையாகி, வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். எக்சாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைத் தள்ளிவிடுவதே, மூடியிருக்கும் நேரத்தில் அதன் இருக்கை (வால்வு வந்து உட்காரும் வளையம்) வழியாகத்தான். அந்த வழி அடைபட்டால் விளிம்பு கருகிவிடும். சத்தமே போடாத டேப்பெட்டைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். ஸ்ப்ளெண்டர் வகை வண்டிகளிலும் இதே ஆபத்து உண்டு. இருக்கை தேயத் தேய இடைவெளி குறைந்துகொண்டே போகும், வண்டி அமைதியாகிக்கொண்டே போகும்.

மூன்றாவது பளு. இதற்கு ஏலகிரியைவிட நல்ல சோதனைக்கூடம் கிடையாது. 2019-இல் திருப்பத்தூர் மாவட்டத்தோடு போய்விட்டாலும் வேலூர்க்காரர்களுக்கு அது இன்னும் நம்ம மலைதான். பொன்னேரியிலிருந்து ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் ஒருவரை உட்கார வைத்து, கத்திரி வெயிலில், கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகினால் பழைய எஞ்சினிலிருந்து 'கிளிங் கிளிங்' என்று ஒரு கண்ணாடிச் சத்தம் எழும். உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து பிரித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். ஏனென்றால் அது உலோகத்தோடு உலோகம் மோதும் சத்தமே அல்ல.

ஸ்பார்க் பிளக்கில் பற்றிய தீ சிலிண்டரின் மறுகோடியை எட்டுவதற்குள், அங்கே மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே சட்டென்று வெடிக்கிறது. அந்த அழுத்த அலை சிலிண்டர் சுவர்களுக்கிடையே எகிறிக் குதிக்கிறது. எரியும் வாயுவில் ஒலியின் வேகம் நொடிக்கு 900 முதல் 1,000 மீட்டர் வரை இருக்கும், 70 மி.மீ. விட்டத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 8,000 ஹெர்ட்ஸ் வருகிறது. 50 மி.மீ. போர் கொண்ட ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டியில் அது 11,000-ஐத் தொடும். அதனால்தான் அவ்வளவு மெல்லிய, கூர்மையான ஒலி. கியரைக் குறைத்தால் உடனே நின்றுவிடும்; நின்றால் நோய் இதுதான். ஹெட்டில் படிந்த கரி, முன்கூட்டியே பொறி விடும் கான்டாக்ட் பாயிண்ட், வேகத்துக்கேற்பப் பொறியை முன்தள்ளும் சென்ட்ரிஃப்யூகல் அட்வான்ஸின் தளர்ந்த ஸ்பிரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் மலையேறிக்கொண்டே இருந்தால் பிஸ்டனின் தலை அரித்துப்போகும்.

ஸ்டெதாஸ்கோப் கண்ணில் படாத தெருவே இல்லாத ஊர் வேலூர். ஆனால் இங்குள்ள பட்டறைகளில் அந்த வேலையை நீளமான ஸ்க்ரூடிரைவர் செய்கிறது. முனையை எஞ்சின் மேல் அழுத்தி, கைப்பிடியைக் காதுக்கு முன்னாலுள்ள எலும்பில் வைத்துக் கேட்பார்கள். பாரிஸில் 1816-இல், ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த மருத்துவர் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதும் இதே குடும்பத்து வித்தைதான். இரும்பிலிருந்து காற்றுக்கு ஒலி தாவும்போது ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கடக்காது. மீதி உள்ளேயே திரும்பிவிடும். கம்பி வழியே நேராக எலும்புக்குப் போனால் இந்த இழப்பு பெருமளவு குறைகிறது. முனையை ஹெட், சிலிண்டரின் நடு, கிராங்க் கேஸ் என்று நகர்த்தி எங்கே பலமாகக் கேட்கிறது என்று ஒப்பிடுவதில்தான் பயன். ஒரே இடத்தில் வைத்துக் கேட்டால் எல்லா எஞ்சினும் பயமுறுத்தும். செயின், மேக்னெட் பக்கம் கம்பி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

சில்லறைச் சத்தங்கள் சிலவற்றைச் சீக்கிரம் தள்ளிவிடலாம். கிளட்சைப் பிடித்ததும் சத்தம் மாறினால் அது கிளட்ச் பக்கம் அல்லது கியர்பாக்ஸ். ஆக்சிலேட்டரை விட்டதும் கரகரவென்றால் டைமிங் செயின் அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். டேப்பெட்போலவே சிக் சிக் என்று ஏமாற்றுவது சைலன்சர் வளைவு ஹெட்டில் சேரும் இடத்து கேஸ்கட் கசிவு. ஈரத்துணியால் சைலன்சர் வாயைச் சற்றே அடைத்தால் சத்தம் ஏறும். ஆர்எக்ஸ் 100, ராஜ்தூத், பழைய எஸ்டி போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு டேப்பெட்டே கிடையாது. அவற்றில் 'டேப்பெட் செட்டிங்' என்று யாராவது கூலி கேட்டால் வேறு பட்டறை பாருங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் சாவியைக் கேட்பதற்கு முன் சிலிண்டர் ஃபின்னைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. சூடாக இருந்தால் காலைச் சத்தம் ஏற்கெனவே ஓட்டி அடக்கப்பட்டிருக்கலாம். தடித்த ஆயிலை ஊற்றிச் சத்தத்தை மூடுவதும் வழக்கம்தான். மறுநாள் விடியற்காலையில், வண்டி ஆறிக் கிடக்கும்போது வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். விற்பவரின் முகம் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

இத்தனையிலும் காத்திருக்கக் கூடாத சத்தம் ஒன்றுண்டு: கனெக்டிங் ராடு அடிப்பது. காலை மாலை வேறுபாடு இல்லை. சூடேறி ஆயில் இளகினால் இன்னும் கூடும். ஆக்சிலேட்டரைத் திருகும்போது அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாக எழும், கால் வைக்கும் கட்டையிலேயே உணரலாம். ஆயிலை ஒரு தட்டில் வடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் பொடி ரிங், கியர், பேரிங் போன்ற இரும்புப் பாகங்களிலிருந்து வந்தது. ஒட்டாத வெள்ளி மினுக்கம் பிஸ்டனிலிருந்தோ, ராடின் துளையில் இருக்கும் புஷ் என்ற வளையத்தின் வெள்ளை உலோகப் பூச்சிலிருந்தோ வந்திருக்கலாம். மஞ்சள் மினுக்கம் வெண்கல புஷ். டொக் சத்தமும் மினுக்கமும் சேர்ந்து இருந்தால், 'பட்டறை வரைக்கும் மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்' என்று கிக்கரில் கால் வைக்காமல், குட்டி யானை வேனில் ஏற்றி அனுப்புங்கள். வழியில் ராடு முறிந்தால் கிராங்க் கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பழைய புல்லட்டுக்கு நல்ல கிராங்க் கேஸ் தேடி அலைவது எஞ்சின் கட்டும் செலவைவிடப் பெரிய தொல்லை.